பணிமூப்புப்படி இறந்தவர்கள்

செத்தவன் சொறிஞ்சுக்கிடலாமா கூடாதான்னு ஒருத்தரும் சொல்லித் தரல. இடது காதுக்குப் பின்னால ஒரு கட்டெறும்பு ஏறி, காலர் வழியா உள்ள போகவா, காது வழியா போகவான்னு யோசிச்சுக்கிட்டு நிக்குது. கையைத் தூக்கினா போச்சு. சென்னையிலேர்ந்து வந்திருக்கிற பார்வையாளர் கறுப்புக் கண்ணாடியும் கையில காகிதக் கட்டுமா கொடிமரத்துக்கிட்ட நிக்காரு. பாத்துட்டாருன்னா தாலுகாவுக்கு மார்க் குறைஞ்சிரும். தாசில்தார் அம்மா சாயங்காலம் கூப்பிட்டு, ஏன் சார் ஆவுடையப்பன், ஒரு மணிநேரம் ஒழுங்கா சாகத் தெரியாதா உங்களுக்குன்னு கேக்கும். அந்தம்மா கேக்கக்கூடிய ஆளுதான். முப்பத்தோரு வருஷ சர்வீஸ், ஏ-ஒன் சீட் உதவியாளர், இன்னும் பத்து மாசத்துல ரிட்டயர்மென்ட், கடைசியில ஹைஸ்கூல் கிரவுண்டுல வாகை மரத்தடியில மல்லாக்கப் படுத்துக்கிட்டு எறும்புக்குப் பயந்து கிடக்கேன். கழுத்துல கறுப்பு அட்டை. இறந்தவர், எண் ஒன்று. பதினோரு மணிக்கு ரைஸ்மில் சங்கு ஊதினதும் பஸ் ஸ்டாண்டு மேல அணுகுண்டு விழுந்தாச்சு. அதாவது விழுந்ததா வச்சுக்கிடணும். குண்டு விழுந்த பிறகும் டவுன் பஸ்ஸு ஆரன் அடிச்சுக்கிட்டுப் போகுது, வாசல்ல ஒருத்தன் பனங்கிழங்கு கூவி விக்கான், நாங்க பதினோரு பேரு மட்டும் செத்துக் கிடக்கோம். எறும்பு காலர் பக்கம் திரும்பிருச்சு. நல்லவேளை.

எண் ஒன்றுன்னா சும்மா கிடைச்ச எண் இல்ல. நானே சண்டை போட்டு வாங்கினது, அதை நினைச்சாத்தான் என் வாயில நானே ரெண்டு போடணும்போல இருக்கு. திங்கக்கிழமை மீட்டிங்குல துணை தாசில்தார் பொன்னுலிங்கம் வேஷப் பட்டியல் வாசிக்காரு. நாடு முழுக்க ஒரே நாள், ஒரே நேரம் ஒத்திகை, கவர்மென்ட் ஆர்டர். சிவப்பு அட்டை பலத்த காயம், மஞ்சள் நடுத்தரக் காயம், பச்சை லேசான காயம், கறுப்பு மரணம். எனக்குச் சிவப்பு போட்டிருக்காரு. சிவப்புன்னா ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் கத்தணுமாம், உருளணுமாம். எனக்குக் கோவம் வந்துட்டு. நேத்து வந்த இளநிலை உதவியாளனுக்குக் கறுப்பு, அவன் பாட்டுக்கு நிழல்ல படுத்துக் கிடப்பான், அம்பத்தொம்பது வயசுல நான் மண்ணுல உருளணுமான்னு கேட்டேன். எந்த விஷயமா இருந்தாலும் சீனியாரிட்டி லிஸ்டை எடுத்து முன்னால வையுங்க சார்னேன். எங்க ஆபீஸ்ல அந்தச் சொல்லைச் சொல்லிட்டா அதுக்கு மேல பேச்சு கிடையாது. தேர்தல் டூட்டியா, ஃபேனுக்கு அடியில சீட்டா, எல்லாம் சீனியாரிட்டிதான். பொன்னுலிங்கம் பட்டியலைக் கிழிச்சுப்போட்டுட்டு, பணிமூப்புப்படி இறந்தவர்கள்னு தலைப்பு போட்டு மேரி புஷ்பம் மேடத்தை டைப் அடிக்கச் சொன்னாரு. அடிச்சதுல எண் ஒன்று நான், எண் ரெண்டு அந்தம்மாவே. மத்தியானம் ரெண்டு பேரும் சந்தோஷமா காப்பி குடிச்சோம். இன்னைக்குக் காலையில இங்க வந்து படுத்த பிறகுதான் பொன்னுலிங்கம் மைக்குல விதிமுறையை வாசிக்காரு: முதல்ல சிவப்பைத் தூக்கணும், அப்புறம் மஞ்சள், அப்புறம் பச்சை, கறுப்பை எல்லாருக்கும் கடைசியில. கடைசின்னா எப்பம், அது கவர்மென்டுக்கே தெரியாது. சாப்பாட்டுப் பட்டியல் உயிரோட இருக்கிறவங்களுக்கு மட்டும் போட்டிருக்காம். எலுமிச்சை சாதம், ஒரு அவிச்ச முட்டை, தண்ணி பாட்டில். இக்பால்னு ஜூனியர், எனக்குப் போட்ட சிவப்பு அட்டையை வாங்கிக்கிட்டவன், அம்மா அம்மான்னு ஊரே கேக்க அலறினான், பத்தே நிமிஷத்துல தூக்கிட்டாங்க. இப்பம் டெண்டுக்குள்ள ஃபேனுக்கு முன்னால உக்காந்து முட்டை உரிக்கான். கண்ணை ஒரு நூல் அளவு திறந்து பாக்கேன், நல்லாத் தெரியுது.

“சார், வெயில் என் கால்கிட்ட வந்துட்டு” பக்கத்துல படுத்திருக்கிற புஷ்பம் மேடம் உதடு அசையாமச் சொல்லுதாங்க. அந்தம்மாவுக்கு அது நல்லா வரும், சர்ச்சுல பிரசங்கம் நடக்கும்போது பேசிப் பழக்கம். எனக்கு வராது, அதனால உம்முனு மட்டும் சொன்னேன். பத்து மணிக்கு நிழல் பாத்துத்தான் படுத்தேன், சூரியன் நகரும்னு மூளையில உதிக்கல. செத்தவன் எந்திரிச்சு நாலடி தள்ளிப் படுக்க முடியுமா. இடுப்பு வரைக்கும் வெயிலு ஏறிட்டு. சட்டைப் பையில செல்ஃபோன் சுடுது. அதை அணைச்சு வைக்கத்தான் சொன்னாங்க, எல்லாரும் அணைச்சாங்க, நான் அணைக்கல. அதிர்வுல போட்டு நெஞ்சுமேல வச்சிருக்கேன். மூணு நாளா அப்படித்தான் வச்சிருக்கேன், குளிக்கப் போனாலும் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்துல வச்சிட்டுக் குளிக்கேன். செண்பகா கூப்பிடுவாளோன்னு.

ஒரே மக. வடக்க, எல்லையிலேர்ந்து முப்பது கிலோமீட்டர்ல ஒரு காலேஜுல விலங்கியல் டீச்சர், ஹாஸ்டல் வார்டனும் அவதான். வரைபடத்துல ஸ்கேல் வச்சு அளந்தேன், முப்பதுகூட இல்ல, இருபத்தெட்டு. பக்கத்து நாட்டுல ஆட்சி கவுந்து ஒம்பது நாளாச்சு. பிரதமரைப் பிடிச்சு உள்ள போட்ட தளபதியை இன்னொரு தளபதி பிடிச்சு உள்ள போட்டுட்டாராம். ரெண்டாவது தளபதி எங்க இருக்காருன்னு மூணாவது தளபதிக்குத் தெரியலையாம். டிவியில நாலு பேரு ஒரே நேரத்துல கத்துதாங்க, குண்டு யாருகிட்ட இருக்கு, குண்டு யாருகிட்ட இருக்குன்னு. மகளை உடனே கூப்பிட்டேன். வந்துருட்டீன்னா வரமாட்டேங்கா. இங்க அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லப்பா, கடையில பால் கிடைக்குது, பரீட்சை நடக்குதுங்கா. பால் கிடைச்சா குண்டு விழாதா. கடைசியில ஒரு பொய்யைச் சொன்னேன். அம்மாவுக்கு நெஞ்சுவலி, படுத்த படுக்கையா இருக்கா, உடனே கிளம்புன்னு. சொல்லிட்டு எம் பொண்டாட்டி கோமதிகிட்டச் சொல்ல மறந்துட்டேன். மக உடனே வீடியோவுல அம்மாவைக் கூப்பிட்டிருக்கா, இவ அடுப்படியில நின்னு ஆமவடை சுட்டுக்கிட்டு, ஒரு கையில கரண்டியும் ஒரு கையில ஃபோனுமா, ஏட்டி, பருப்பு இன்னும் கொஞ்சம் கரகரப்பா அரைச்சிருக்கணும்ட்டின்னு சொல்லியிருக்கா. அன்னைக்கு வச்ச ஃபோன்தான். பேச மாட்டேங்கா. நான் கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கா. அம்மாகிட்ட மட்டும் ரெண்டு வார்த்தை, நல்லா இருக்கேன், சாப்பிட்டேன். அதுவும் நேத்து காலையிலேர்ந்து இல்ல. இருபத்தேழு மணிநேரம். இருபத்தெட்டு கிலோமீட்டர், இருபத்தேழு மணிநேரம். இந்த ரெண்டு நம்பரும் தலைக்குள்ள கிடந்து சுத்துது, நிக்க மாட்டேங்கு. பொய் சொல்லணும்னா ஒழுங்கா சொல்லணும், என்னை மாதிரி அரைகுறையா சொல்லக்கூடாது. அன்னைக்கு நான் மட்டும் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா இன்னைக்கு அவ குரலாவது கேட்டிருக்கும்.

குண்டு யாருகிட்ட இருக்குன்னு அவங்க கத்தும்போதெல்லாம் எனக்கு எங்க பதிவறைப் பச்சை பீரோதான் ஞாபகம் வருது. நான் சர்வீஸ்ல சேர்ந்த வருஷம் தாலுகா ஆபீஸ்ல மொத்தம் ரெண்டே பீரோ. அப்புறம் வழங்கல் பிரிவுக்கு ஒரு புது இரும்பு பீரோ வந்துச்சு, உள்பூட்டு வெளிப்பூட்டு ரெண்டும் உள்ளது. உடனே நிலப்பிரிவுக்காரன், அவனுக்கு இருந்தா எனக்கும் வேணும்னான். எதுக்குவேன்னு கேட்டா பாதுகாப்புக்குங்கான். யாருகிட்டேர்ந்து பாதுகாப்புன்னா வழங்கல் பிரிவுகிட்டேர்ந்துங்கான். அப்புறம் தேர்தல் பிரிவு, அப்புறம் சமூகநலம், கடைசியில ஒரு ஃபைலுகூட இல்லாத புள்ளிவிவரக்காரன் வரைக்கும் பீரோ வாங்கிட்டான். இப்பம் பதினோரு பீரோ. நடக்க வழி கிடையாது, புஷ்பம் மேடம் ஒருச்சாய்ச்சுத்தான் டைப் மெஷினுக்குப் போறாங்க. பாதிக்குச் சாவி இல்ல. அதுல அந்தப் பச்சை பீரோ இருக்கே, அது எந்தப் பிரிவோடதுன்னே யாருக்கும் தெரியாது. ஒவ்வொருத்தர் மாறிப் போகும்போதும் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல்ல எழுதுவோம்: பச்சை பீரோ ஒன்று, பூட்டிய நிலையில், உள்ளே இருப்பது தெரியவில்லை. நானே நாலு தடவை கையெழுத்து போட்டிருக்கேன். உள்ள பாம்பு இருந்தாலும் என் கையெழுத்து இருக்கு. அதேதான அங்கயும். முதல் தளபதி ரெண்டாவது தளபதிகிட்டப் பொறுப்பு ஒப்படைக்கும்போது, குண்டு இத்தனை, சாவி இத்தனைன்னு எழுதி கையெழுத்து வாங்கினாரா. ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போற அவசரத்துல சாவி அவர் டவுசர் பையிலயே இருந்துட்டா. இல்ல வீட்டம்மா துவைக்கும்போது எடுத்து அடுப்படி மாடத்துல வச்சிட்டா. இப்பம் அவங்களுக்கு மேற்க இருக்கிற நாடு வேற எனக்கும் ஒண்ணு வேணும்னு நிக்கான். அவனுக்கு எதுத்தவன் எனக்கு ரெண்டுங்கான். எங்க தெருக்காரன் செல்லையா டீக்கடையில உக்காந்துக்கிட்டு, நம்மகிட்ட அவங்களைவிட நாலு கூடத்தான் இருக்குன்னு கிரிக்கெட்டு ஸ்கோர் மாதிரி சொல்லுதான். நான் ஒருதடவைதானவே சாக முடியும், மிச்சத்தை வச்சு என்னவே செய்யப்போறான்னு கேட்டேன். அதெல்லாம் ஒரு கெத்துக்கு அண்ணாச்சிங்கான். கெத்துக்குப் பீரோ வாங்கினவன் ஆபீஸ்ல நடக்க இடமில்லாம நிக்கான்னு சொல்லலாம்னு பாத்தேன், டீ ஆறிரும்னு விட்டுட்டேன்.

நாய் ஒண்ணு வந்துட்டு. பள்ளிக்கூடத்து நாய்தான், சத்துணவுச் சோறு தின்னு வளந்தது. புஷ்பம் மேடத்தை மோந்து பாத்துட்டு, என் பக்கம் வந்து கையை மோக்குது. காலையில தின்ன ஆமவடை வாசம் இருக்கும். கோமதி மூணு நாளா வடைதான் சுடுதா, மனசு சரியில்லேன்னா அவளுக்குப் பருப்பு ஊறப்போடணும். “சார், நக்குச்சுன்னா அசையாதீங்க, பார்வையாளர் இந்தப் பக்கம் வாராரு”ங்காங்க மேடம். நக்கிட்டு. பார்வையாளர் வந்து தலைமாட்டுல நிக்காரு, ஷூ மட்டும் தெரியுது. கூட பொன்னுலிங்கம். “இவங்கல்லாம் யாரு?” “இறந்தவங்க சார், பணிமூப்புப்படி.” பார்வையாளர் காகிதத்தைப் புரட்டுற சத்தம் கேக்குது. அப்புறம், “எல்லாரும் அம்பது வயசுக்கு மேலயே இருக்காங்களே, நிஜத்துல இப்படியா சாவாங்க?” பொன்னுலிங்கம், “அதைக் குறிச்சுக்கிடுதேன் சார்”ங்காரு. என்னத்தைக் குறிப்பாரு, அடுத்த குண்டுக்கு இளைஞர்களையும் சேர்க்கவும்னா. எனக்குச் சிரிப்பு வந்துட்டு, வயிறு குலுங்குது, பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடக்கேன். ஆனா அந்த ஆளு சொன்னது சிரிப்பு அடங்கின பிறகு உள்ள போயி மாட்டிக்கிட்டு நிக்குது. நிஜத்துல இப்படியா சாவாங்க. நிஜத்துல லிஸ்டு எவன் பாக்கான். நிஜத்துல எல்லைக்குப் பக்கத்துல இருக்கிறவங்கதான் முதல்ல. அங்க இருக்கிறதெல்லாம் காலேஜு பிள்ளைங்க. போதும், அந்தப் பக்கம் போகாத. வேற நினை. முட்டை நினை. இக்பால் ரெண்டாவது முட்டை வாங்கிட்டான், அது யாரோட முட்டை. பச்சை பீரோவை நினை. இருபத்தெட்டு கிலோமீட்டர்.

நெஞ்சுமேல ஃபோன் உறுமுது. ஒரு உறுமல். மெசேஜா, கால்லா. இன்னொண்ணு. கால்தான். கோமதியா இருக்கும், மத்தியானத்துக்கு வருவீங்களான்னு கேக்க. அவ இந்நேரம் கூப்பிட மாட்டா, நான் செத்துக் கிடக்கேன்னு அவளுக்குத் தெரியும். பேங்குக்காரனா, கிரெடிட் கார்டு வேணுமான்னா. மூணாவது உறுமல். பார்வையாளர் ஷூ இன்னும் நாலடியிலதான் இருக்கு. எடுக்காம விட்டா, அவதான்னு வை, கோவிச்சுக்கிட்டு இருந்தவ மனசு இறங்கிக் கூப்பிட்டிருக்கா, அப்பா எடுக்கலன்னு வச்சிட்டா, அப்புறம் எப்பம் கூப்பிடுவா, அதுக்குள்ள அந்த மூணாவது தளபதி என்னத்தையாவது அமுக்கித் தொலைச்சா. “சார், உங்க நெஞ்சு அடிக்குது”ங்காங்க மேடம். “ஃபோன் மேடம்.” “மகளா?” “தெரியலயே.” “எடுங்க சார், செத்தாலும் எடுங்க.” முப்பத்தோரு வருஷத்துல அந்தம்மா எனக்குச் சொன்ன முதல் நல்ல யோசனை. ஒருச்சாய்ச்சுப் படுத்து, கையை மெதுவா பைக்குள்ள விட்டு, ஃபோனைக் காதுக்கும் மண்ணுக்கும் நடுவுல வச்சேன்.

“அப்பா.” செண்பகாதான். உயிரே வந்துட்டு எனக்கு. ஏன்ட்டி மூணு நாளா பேசலன்னு கேக்க வாயைத் திறந்தேன், ம்முன்னுதான் வருது. அவளும் கிசுகிசுன்னுதான் பேசுதா. “கோவமெல்லாம் போச்சுப்பா. நேத்து முழுக்க இங்க டவர் இல்ல. இப்பம்தான் வந்துச்சு, சும்மாத்தான் கிடக்கேன், பேசலாம்னு கூப்பிட்டேன்.” “கிடக்கியா? உடம்பு சரியில்லையாம்மா?” “அய்யோ இல்லப்பா. இங்கயும் ஒத்திகை. நான் செத்து அரைமணி நேரமாச்சு.” சிரிக்கா. “ஹாஸ்டல் முற்றத்துல வரிசையா படுக்கப் போட்டிருக்காங்க. கழுத்துல கறுப்பு அட்டை. சீனியருங்க எல்லாம் கன்ட்ரோல் ரூம்ல இருக்காங்க, சாகுறதுக்கு ஜூனியருங்களும் பிள்ளைகளும்தான். என் வரிசையில பதினாலு பேருப்பா. எனக்குப் பக்கத்துல படுத்திருக்கிறவ முதல் வருஷம், அசந்து தூங்கிட்டா, லேசா குறட்டை வேற. ஃபோட்டோ எடுத்து அனுப்பவா?”

“வேண்டாம்”னேன். சத்தமாச் சொல்லிட்டேன் போல, நாய் எந்திரிச்சு ஓடிப்போச்சு. எனக்கு அந்த முற்றம் தெரியுது. போனதே இல்ல, ஆனா தெரியுது. பதினாலு பிள்ளைங்க வரிசையா, வெயில் கால்மாட்டுலேர்ந்து ஏறுது, அதுல ஒண்ணு எம் பிள்ளை, அது கழுத்துல அந்த அட்டை. நடிப்புதான். நடிப்புதான்னு எனக்குத் தெரியாதா, நானே அதே அட்டையைப் போட்டுக்கிட்டுத்தான கிடக்கேன். இருந்தாலும், “நீ எந்திரி”ன்னேன். “என்னப்பா?” “எந்திரிட்டி. எந்திரிச்சு நில்லு.” “அப்பா, அசைஞ்சா மார்க் போயிரும்ப்பா, எங்க காலேஜு முதல்வர் ஒரு மாதிரி ஆளு.” “மார்க் போனாப் போகுது. வீட்டுக்கு வராண்டாம், அதை நான் இனிமே கேக்கல, பொய் சொல்லல, சத்தியமா. நீ இப்பம் எந்திரி.” அவ இன்னும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கா. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக் குறையுது. “அப்பா, அழுதீங்களா?” அப்பந்தான் நான் எந்திரிச்சு நிக்கேன்னே எனக்குத் தெரிஞ்சுது. எப்பம் எந்திரிச்சேன்னு தெரியல. வாகை மரத்தடியில பத்து பேரு செத்துக் கிடக்க, நான் ஒருத்தன் மட்டும் காதுல ஃபோனோட நட்டநடு வெயில்ல நிக்கேன். பார்வையாளர் எழுதுறதை நிப்பாட்டிட்டாரு. இக்பால் முட்டையும் கையுமா டெண்டுலேர்ந்து எட்டிப் பாக்கான்.

பொன்னுலிங்கம் ஓடி வாராரு. “சார், நீங்க இறந்தவரு. பார்வையாளர் பாக்காரு. படுங்க சார், உங்களைக் கும்பிட்டுக் கேக்கேன்.” பாவம், அவரு மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. “எம் மக எந்திரிக்கட்டும் சார்”னேன், “எந்திரிச்ச உடனே படுக்கேன்.” அவருக்கு ஒண்ணும் விளங்கல. கீழேருந்து புஷ்பம் மேடம், கண்ணைத் திறக்காமலே, “அவரை விடுங்க சார்”ங்காங்க. ஃபோனைக் காதோட அமுக்கிக்கிட்டு நிக்கேன். அப்புறம் வளையல் உரசுற சத்தம், மண்ணு ஒட்டின துணியைத் தட்டி உதறுற சத்தம். “எந்திரிச்சுட்டேன்ப்பா”ன்னா. “அந்தப் பக்கத்துல தூங்குற பிள்ளையையும் எழுப்பு”ன்னேன்.